ஏன் 6 எலி?

போன எபிசோடுக்கு அப்புறம் நிறைய பேர் கேட்ட கேள்வி இது: "லேப்ல எலியை வெச்சு என்ன வேணும்னாலும் பண்ணலாமா? யார்கிட்டயாவது அனுமதி வாங்கணுமா?"

வாங்கணும். இந்தியாவில் விலங்குகளை வைத்து ஆராய்ச்சி செய்யும் நிறுவனம் முதல்ல மத்திய அரசோட சிசிஎஸ்இஏ என்கிற குழுவிடம் பதிவு பண்ணணும். (சிபிசிஎஸ்இஏன்னு கேள்விப்பட்டிருந்தா, அது இதோட பழைய பேர்.) அப்புறம், அந்த நிறுவனத்துக்குள்ளேயே ஒரு விலங்கு நெறிமுறைக் குழு இருக்கணும். எலி, முயல் மாதிரி சின்ன விலங்குன்னா இந்தக் குழுவே அனுமதி கொடுக்கலாம். நாய், குரங்குன்னா இவங்க பரிந்துரைக்க மட்டும்தான் முடியும். முடிவு மத்தியக் குழுவோட கையில.

குழுவில் யார் உட்கார்றாங்க? நிறுவனத்தைச் சேர்ந்தவங்க 5 பேர்: மூணு விஞ்ஞானிகள், விலங்குகளைக் கவனிக்கிற கால்நடை மருத்துவர், விலங்குக் கூடத்துக்குப் பொறுப்பானவர். வெளியிலிருந்து, மத்தியக் குழுவோட பிரதிநிதி, வேற நிறுவனத்து விஞ்ஞானி, அப்புறம் விஞ்ஞானியே இல்லாத, சமூக அக்கறை உள்ள ஒருத்தர்.

எனக்கு முக்கியமாப் படுறது அந்தக் கடைசி நாற்காலிதான். உள்ள இருக்கிற விஞ்ஞானிகள் ஒருத்தருக்கொருத்தர் தெரிஞ்சவங்க. இன்னிக்கு உங்க விண்ணப்பத்தை நான் பார்க்கிறேன், நாளைக்கு என்னுடையதை நீங்க பார்ப்பீங்க. கறாரா கேள்வி கேட்க யாருக்கு மனசு வரும்? அந்த வெளியாளுக்கு அந்தக் கணக்கு கிடையாது. "இது எதுக்கு, எனக்குப் புரியுற மாதிரி சொல்லுங்க"ன்னு அவர் கேட்கலாம். கேட்கணும்.

குழு கேட்க வேண்டிய கேள்விகளுக்கு அடிப்படை, 1959-ல் ரஸ்ஸல், பர்ச்னு ரெண்டு பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் ஒரு புத்தகத்தில் சொன்னது. விலங்கு இல்லாம முடியுமா? முடியாதுன்னா, எண்ணிக்கையைக் குறைக்க முடியுமா? வலியைக் குறைக்க முடியுமா?

இதில் எண்ணிக்கைதான் சுவாரசியமான இடம். நம்ம ஊர் மருந்தியல் ஆய்வுகள்ல ஒரு குரூப்புக்கு 6 எலிங்கறது பழகிப்போன எண். ஏன் 6? "சீனியர் அப்படித்தான் பண்ணாரு"ங்கறது பதில் இல்லை. ஒரு தோராயக் கணக்கு இருக்கு: மொத்த விலங்குகள்லேருந்து குரூப் எண்ணிக்கையைக் கழிச்சா 10-லிருந்து 20-க்குள்ள வரணும். 4 குரூப், ஆளுக்கு 6 எலின்னா 24; அதில் 4 போனா 20. சரி. ஆளுக்கு 10 வெச்சா 36 வரும், தேவைக்கு மேல. ஆளுக்கு 3 வெச்சா 8தான். எலியைக் காப்பாத்திட்டோம்னு தோணும். ஆனா முடிவை நம்ப முடியாது, அந்த 12 எலியும் சும்மாவே செத்த மாதிரி. அதனால "குறைங்க"ன்னு மட்டும் இல்ல, சில நேரம் "கூட்டுங்க"ன்னும் ஒரு நல்ல குழு சொல்லும்.

வலி பத்தின கேள்வி இன்னும் நேரடியானது. எந்தக் கட்டத்தில் சோதனையை நிறுத்துவீங்க? எடை எவ்வளவு குறைஞ்சா? ஞாயித்துக்கிழமை யார் வந்து பார்ப்பாங்க? கடைசிக் கேள்விக்குத்தான் நிறைய பேர் முழிப்பாங்கன்னு நினைக்கிறேன்.

இதுக்கெல்லாம் பின்னால இருக்கிற சட்டத்துக்கு ஒரு சென்னைக் கதை உண்டு. கலாக்ஷேத்ரா ருக்மிணி தேவி அருண்டேல், மாநிலங்களவை நியமன உறுப்பினரா இருந்தப்போ, 1953-ல் விலங்கு வதைக்கு எதிரா ஒரு தனிநபர் மசோதா கொண்டுவந்தாங்க. அந்த முயற்சிதான் 1960-ல் விலங்கு வதைத் தடுப்புச் சட்டமா ஆச்சு. சட்டம் சோதனையைத் தடை செய்யல. ஆனா புத்தகம், மாதிரி, படம் வெச்சுச் சொல்லிக்கொடுக்க முடிஞ்சா விலங்கைத் தவிர்க்கணும், கைப்பழக்கத்துக்காக மட்டும் சோதனை கூடாதுன்னு அதுலயே இருக்கு. நிறுவனத்துக்குள்ள குழுங்கற ஏற்பாடு வந்தது 1998 விதிகளுக்கு அப்புறம்.

இதில் எனக்கு உறுத்துற இடம் தண்டனை. மத்தியக் குழு போட்ட தடையையோ நிபந்தனையையோ மீறினா, சட்டப் பிரிவு 20-ன்படி அதிகபட்ச அபராதம் 200 ரூபாய். 1960-ல் அது பெரிய காசு. குழு பதிவை ரத்து பண்ணலாம், ஆராய்ச்சியை நிறுத்தலாம். பயம் வர்றது அதுக்குத்தான், அபராதத்துக்கு இல்லை.

இன்னொரு ஓட்டை, அனுமதிக்கு அப்புறம் நடக்கிறது. பேப்பர்ல 24 எலி. கூண்டுல எத்தனை? போய் எண்ணிப் பார்க்கிற அதிகாரம் குழுவுக்கு இருக்கு. ஆனா அதில் பெரும்பாலானவங்க அதே நிறுவனத்தில் சம்பளம் வாங்குறவங்க. வெளியாட்கள் எண்ணிக்கை கூடாம இது மாறும்னு எனக்குத் தோணல.

2023-ல் புது மருந்து விதிகள்ல ஒரு திருத்தம் வந்தது. விலங்குக்குப் பதிலா, மனித செல்களை வெச்சுச் செய்யுற 'சிப்' மாதிரி முறைகளுக்கும் அதில் இடம் உண்டு. அது எப்படி வேலை செய்யுதுன்னு அடுத்த எபிசோடுல பேசலாம்.