நம்ம ஊர் டாக்வுட் சொந்தம்: அழிஞ்சிலை அடையாளம் காண்பது எப்படி?

மேலைநாட்டுத் தோட்டங்களில் அழகுக்காக வளர்க்கும் 'டாக்வுட்' செடிக்கு நம்ம ஊரிலும் ஒரு பங்காளி உண்டு. செங்கல்பட்டு, மாமல்லபுரம் பக்கம் புதர்க்காடுகளில் வளரும் அழிஞ்சில்தான் அது. இரண்டும் கார்னேசியே குடும்பம்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

இலை: டாக்வுட்டில் பெரும்பாலும் எதிரெதிராக இருக்கும், அழிஞ்சிலில் மாறி மாறி வரும்.

கிளை: முதிர்ந்த கிளைகளில் முள் போன்ற குச்சிகள் நீட்டிக்கொண்டிருக்கும்.

பூ: கோடைத் தொடக்கத்தில், இலை உதிர்ந்த கிளையில் மணக்கும் வெள்ளைப் பூக்கள். நாடா போன்ற இதழ்கள் பின்பக்கம் சுருளும்.

பழம்: பழுத்தால் கருஞ்சிவப்பு, ஒற்றை விதை.

கீழே விழுந்த விதை திரும்ப மரமேறி ஒட்டிக்கொள்ளும் என்பார்கள். 'ஏறழிஞ்சில்' என்ற பெயரும் அப்படித்தான். ஆனால் விதை தானாக ஏறாது.

வேர்ப்பட்டையில் வாந்தி உண்டாக்கும் அல்கலாய்டுகள் உள்ளன. கைமருந்தாகச் சாப்பிட வேண்டாம். மனை போடும்போது 'வெறும் புதர்' என்று வெட்டவும் வேண்டாம்.