அரிட்டாபட்டியின் அரையிருட்டில்

மதுரையிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர் தொலைவில், மேலூர் பக்கம் இருக்கிறது அரிட்டாபட்டி. ஏழு குன்றுகள், ஏரிகள், சுனைகள், ஏறத்தாழ 250 வகைப் பறவைகள். 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. டங்ஸ்டன் சுரங்கம் வேண்டாம் என்று சுற்றுவட்டார ஊர்கள் திரண்டு நின்றதும், 2025 ஜனவரியில் மத்திய அரசு அந்தச் சுரங்கத்துக்கான ஏலத்தை ரத்து செய்ததும் நாடறிந்த செய்தி. கேமராவோடு வருகிறவர்கள் தேடுவது மூன்று வேட்டைப் பறவைகளை: லகர் வல்லூறு, ஷாஹீன் வல்லூறு, ராஜாளிக் கழுகு.

இதில் ஷாஹீனைப் படமெடுப்பதுதான் பெரும்பாடு. வெளிச்சம் மங்கிய விடியலிலும் அந்தியிலும்தான் அது மும்முரமாக வேட்டையாடும். வௌவாலும் அதற்கு இரை. கரும்பாறையில் கருஞ்சாம்பல் முதுகுடன் உட்கார்ந்திருந்தால் கண்ணுக்கே தட்டுப்படாது.

கணக்கைப் பார்த்தால் சிரமம் புரியும். பலரிடமும் இருக்கும் 600 மி.மீ. ஜூம் லென்ஸின் துளை, முழு நீளத்தில் எஃப் 6.3. சூரியன் எழுவதற்குச் சற்று முன், ஐஎஸ்ஓ 3200 வைத்தால் ஷட்டர் வேகம் 1/100 நொடி அளவில்தான் கிடைக்கும். பறக்கும் வல்லூறு கலங்காமல் பதிய 1/1600 வேண்டும். அதாவது 16 மடங்கு வேகம், ஐஎஸ்ஓ 51,200! படம் முழுக்கப் புள்ளி புள்ளியாகிவிடும். எஃப் 4 லென்ஸ் இரண்டரை மடங்கு வெளிச்சம் வாங்கும். ஆனால் விலை பல லட்சம்.

வழி இல்லாமல் இல்லை. பறவை உட்கார்ந்திருக்கும்போது முக்காலியில் 1/60 நொடியே போதும். அது தலையைத் திருப்பி நிறுத்தும் கணத்தில் வரிசையாகப் பல படங்கள் எடுத்தால் ஒன்றிரண்டு தெளிவாக விழும். கேமராவின் மீட்டர் இருண்ட பாறையையும் பகல்போலக் காட்டப் பார்க்கும். எக்ஸ்போஷரை முக்கால் ஸ்டாப் குறைத்தால் வேகமும் கூடும், விடியலும் விடியலாகவே தெரியும். பின்னணி வானமாக இருந்தால் இதற்கு நேர்மாறு: ஒரு ஸ்டாப்பாவது கூட்ட வேண்டும்.

ஃபிளாஷ்? இங்கிலாந்தின் பறவைப் படக்கலைஞர் எரிக் ஹாஸ்கிங், 1937-ல் ஆந்தைக் கூட்டருகே அமைத்த மறைவிடத்துக்கு இருட்டில் போனபோது, தாய் ஆந்தை தாக்கி ஒரு கண்ணையே இழந்தவர். பறவைகளை ஃபிளாஷில் பதிவுசெய்த முன்னோடியும் அவரே. அன்றைய பிலிமின் உணர்திறனுக்கு வேறு வழி இருக்கவில்லை. இன்று இருக்கிறது. இருளுக்குப் பழகிய கண்ணில் பளீரென்று ஒளி பாய்ச்ச எந்த நியாயமும் இல்லை.

அரிட்டாபட்டிக்குப் போகிறவர்கள் ஃபிளாஷை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். ஜனவரி முதல் ஏப்ரல் வரை வல்லூறுகள் கூடு வைக்கும் காலம்; அந்த மாதங்களில் பாறை விளிம்புகளை நெருங்காமல் கீழே நின்றே எடுங்கள்.