புதுக் காரின் பளபளப்பு போகாமல் காப்பது எப்படி?

உப்பு, சாம்பல், கரித்தூள்: வட சென்னையில் காருக்கு 3 எதிரிகள்!

இந்தத் தாளை இரண்டாக மடித்து விரல்களுக்கு நடுவே பிடித்துப் பாருங்கள்.

ஏறக்குறைய அவ்வளவு கனம்தான், ஒரு புதுக் காரின் மேல் பூசியிருக்கும் பெயிண்ட்!

பல லட்சம் ரூபாய் கொடுத்து வாங்குகிற காரை வெயிலிலிருந்தும் மழையிலிருந்தும் காப்பாற்றுவது இந்த மெல்லிய தோல்தான். அது கெட்டால் முதலில் பளபளப்பு போகும். பிறகு தகரம் துருப்பிடிக்கும். கடைசியில், விற்கப் போனால் விலையும் போகும்.

கார் வைத்திருக்கும் எல்லோருக்கும் இந்தக் கவலை உண்டு. ஆனால் ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் பக்கத்தில் இருப்பவர்களுக்கு அது இரண்டு மடங்கு.

ஒரு பக்கம் கடல். மறு பக்கம் தொழிற்சாலைகள். இரண்டு கோடியிலும் துறைமுகம். நடுவில் இரவு பகலாக ஓடும் கன்டெய்னர் லாரிகள்.

தவணை கட்டி டாக்ஸி ஓட்டுகிறவருக்குக் கார்தான் கடை, கார்தான் வயல். அதன் பெயிண்டைக் காப்பது அழகுக்காக மட்டும் அல்ல. பிழைப்புக்காகவும்தான்.

கார் பிறந்த ஊர்

எண்ணூருக்கும் மோட்டார் காருக்கும் பழைய உறவு உண்டு.

1948-ல் ரகுநந்தன் சரண் என்பவர் ஒரு மோட்டார் கம்பெனியைத் தொடங்கினார். தம் மகன் அசோக்கின் பெயரை அதற்கு வைத்தார். அதுதான் அசோக் மோட்டார்ஸ். எண்ணூரில் தொழிற்சாலை எழுந்தது. 1949-ல் அங்கே ஆஸ்டின் ஏ-40 கார்கள் பூட்டப்பட்டன. 1955-ல் கம்பெனியின் பெயர் அசோக் லேலண்ட் என்று மாறியது. கார் போய், லாரியும் பஸ்ஸும் வந்தன.

அதே 1955-ல் என்பீல்டு இந்தியா கம்பெனி தோன்றியது. அது திருவொற்றியூரில் புல்லட் மோட்டார் சைக்கிள்களைச் செய்தது. புல்லட்டின் பெட்ரோல் டாங்கில் தங்க நிறத்தில் மெல்லிய கோடு ஓடும். அந்தக் கோட்டை இழுத்தது எந்திரம் அல்ல, மனிதக் கை! அளவுகோல் கிடையாது. ஒரு தூரிகை, ஒரே மூச்சு, கோடு முடிந்துவிடும். ஒரே குடும்பத்துச் சகோதரர்கள் இந்த வேலையில் பெயர் பெற்றார்கள்.

அப்படிப்பட்ட ஊரில் பெயிண்டின் அருமை தெரியாமல் இருக்கலாமா?

நான்கு சட்டை

கார் பெயிண்ட் ஒரே பூச்சு அல்ல. ஒன்றின் மேல் ஒன்றாகப் பல சட்டைகள்.

முதலில் தகரத்தைக் கழுவி, பாஸ்பேட் கலந்த நீரில் நனைப்பார்கள். பெயிண்ட் நன்றாகப் பிடித்துக்கொள்ள இது உதவும். பிறகு காரின் கூட்டை முழுவதும் ஒரு பெரிய பெயிண்ட் தொட்டியில் முக்கி, மின்சாரம் பாய்ச்சுவார்கள். மூலை முடுக்கெல்லாம் பெயிண்ட் போய் ஒட்டிக்கொள்ளும். துருவைத் தடுப்பது இந்த முதல் சட்டை.

அதன் மேல் பிரைமர். அதன் மேல் நிறம். எல்லாவற்றுக்கும் மேலே, நிறமே இல்லாத ஒரு பூச்சு. இதற்குக் கிளியர் கோட் என்று பெயர். காரின் பளபளப்பு முழுவதும் இதில்தான் இருக்கிறது.

நடுநடுவே சூட்டடுப்பில் வைத்துச் சுடுவார்கள். பானையைச் சூளையில் வைப்பது போலத்தான்! அதனால் பெயிண்ட் இறுகும்.

ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்கு போட்டால், ஒரு பங்குக்கு மைக்ரான் என்று பெயர். எல்லாச் சட்டைகளும் சேர்ந்து சுமார் 100 முதல் 130 மைக்ரான். கிளியர் கோட் மட்டும் சுமார் 40 அல்லது 50 மைக்ரான். இந்தப் பத்திரிகைத் தாளை விட மெல்லியது!

இதை நினைவில் வையுங்கள். மற்ற எல்லா யோசனைகளும் இதிலிருந்து வருபவைதான்.

முதல் எதிரி: உப்பு

கடற்காற்றில் கண்ணுக்குத் தெரியாத உப்பு இருக்கிறது. அது காரின் மேல் படியும். உப்பு ஈரத்தை இழுக்கும். ஈரம் தகரத்தை அரிக்கும்.

பெயிண்ட் முழுசாக இருக்கும்வரை பயம் இல்லை. லாரிச் சக்கரம் தெறிக்கும் ஒரு சின்னக் கல் போதும். பெயிண்ட் உதிர்ந்த அந்தப் புள்ளியில் உப்பு நுழையும். சில வாரங்களில் பழுப்புப் புள்ளி தெரியும். பிறகு பெயிண்டுக்கு அடியில் துரு பரவும்.

கல் பட்ட இடத்தில் உடனே அதே நிறப் பெயிண்டைத் தொட்டு வைத்துவிடுங்கள். கம்பெனிகளே இதற்குச் சின்னப் புட்டியில் பெயிண்ட் விற்கின்றன.

காசிமேடு பக்கம் போகிறவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. மீன் வண்டிகளிலிருந்து ஒழுகும் உப்புத் தண்ணீர் காரின் அடியில் தெறிக்கும். மேலே மட்டும் கழுவினால் போதாது. அடிப்பக்கத்திலும் தண்ணீர் அடியுங்கள். கதவுகளின் அடியில் சின்னத் துவாரங்கள் இருக்கும். அவை தண்ணீர் வடிவதற்காக வைத்தவை. மண் அடைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது எதிரி: சாம்பல்

எண்ணூர் அனல் மின் நிலையம் 1970 முதல் ஓடி, 2017-ல் மூடப்பட்டது. வட சென்னை அனல் மின் நிலையம் 1994-ல் மின்சாரம் தரத் தொடங்கியது. பிறகு வல்லூரிலும் ஒன்று வந்தது. நிலக்கரியை எரித்தால் சாம்பல் வரும்.

இந்தச் சாம்பல் அடுப்புச் சாம்பல் போல மெத்தென்று தோன்றும். ஏமாந்துவிடாதீர்கள்! பூதக்கண்ணாடியை விடச் சக்தி வாய்ந்த கருவியில் பார்த்தால், எல்லாம் சின்னச் சின்னக் கண்ணாடி உருண்டைகள். பெயிண்டை விடக் கெட்டியானவை.

காலையில் எழுந்ததும் பழைய துணியால் காரைத் தட்டித் துடைக்கிறோம் அல்லவா? காரைக் கெடுப்பது அதுதான்! உலர்ந்த துணிக்கும் பெயிண்டுக்கும் நடுவே சாம்பல் மாட்டிக்கொள்கிறது. துணி, உப்புத்தாள் ஆகிவிடுகிறது. கறுப்புக் காரை வெயிலில் நிறுத்திப் பாருங்கள். சிலந்தி வலை போல வட்ட வட்டமாகக் கீறல் தெரியும்.

கார் உறையும் அப்படித்தான். தூசி படிந்த காருக்கு உறை போட்டால், கடற்காற்றில் உறை ஆடி ஆடிப் பெயிண்டைத் தேய்க்கும். கழுவிக் காய்ந்த பிறகே உறை போடவேண்டும்.

மூன்றாவது எதிரி: கரித்தூள்

ராயபுரத்துக்காரர்களுக்கு இதைச் சொல்லத் தேவை இல்லை. சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியும் இரும்புத் தாதுவும் இறங்கி ஏறிய காலத்தில், கொடியில் காயும் வேட்டி கூடக் கறுத்தது. மக்கள் முறையிட்டார்கள். 2011-ல் சென்னை உயர் நீதிமன்றம் அதை நிறுத்த உத்தரவிட்டது. நிலக்கரி எண்ணூர்த் துறைமுகத்துக்குப் போயிற்று. ராயபுரம் மூச்சு விட்டது. எண்ணூருக்குச் சுமை கூடியது.

இந்த மூன்றோடு காக்கை எச்சத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதில் இருக்கும் அமிலம், வெயில் சூட்டில் கிளியர் கோட்டைத் தின்றுவிடும். ஒரு நாள் விட்டாலும் தழும்பு நிற்கலாம். ஈரத் துணியை அதன் மேல் சிறிது நேரம் போட்டு, ஊறிய பின் மெல்ல ஒற்றி எடுங்கள். சுரண்டக் கூடாது.

கழுவுவது எப்படி?

நிழலில் நிறுத்துங்கள். சூடான காரின் மேல் சோப்பு காய்ந்தால் கறை விழும்.

முதலில் துணியே வேண்டாம். தண்ணீரை மட்டும் தாராளமாக ஊற்றுங்கள். பாதிச் சாம்பல் அப்படியே ஓடிவிடும்.

பிறகு இரண்டு வாளி எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் கார் ஷாம்பு கலந்த தண்ணீர். மற்றொன்றில் வெறும் தண்ணீர். துணியைச் சோப்பு நீரில் நனைத்துத் துடையுங்கள். அழுக்கை வெறும் தண்ணீரில் அலசுங்கள். பிறகுதான் மறுபடியும் சோப்பு. இப்படிச் செய்தால் எடுத்த மண் திரும்பவும் காரில் ஏறாது.

மேலிருந்து கீழே வாருங்கள். சக்கரம் கடைசி. அதற்குத் தனித் துணி.

துணி தேய்க்கும் சோப்புத்தூள் வேண்டாம். பாத்திரம் கழுவும் சோப்பும் வேண்டாம். இரண்டும் மெழுகுப் பூச்சை எடுத்துவிடும். மண்ணெண்ணெய் போட்டுத் துடைப்பவர்களும் உண்டு. அப்போது மினுக்கும். ஆனால் அந்த எண்ணெய்ப் பசையில் தூசி வந்து ஒட்டும்.

போர் தண்ணீரிலும் ஜாக்கிரதை! மீஞ்சூர் பக்கம் நிலத்தடியில் கடல் நீர் புகுந்து பல ஆண்டுகள் ஆகின்றன. உப்பு நீரில் கழுவி, அப்படியே காய விட்டால் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி விழும். கடைசி அலசலுக்காவது நல்ல தண்ணீர் ஒரு வாளி வையுங்கள். உடனே மைக்ரோஃபைபர் துணியால் ஈரத்தை ஒற்றி எடுங்கள்.

பாலிஷ் வேறு, மெழுகு வேறு

பலரும் ஏமாறும் இடம் இதுதான்.

பாலிஷ் என்பது மெல்லத் தேய்த்து எடுப்பது. கீறலை மறைக்கக் கிளியர் கோட்டின் மேற்பரப்பைச் சீவி எடுக்கிறது. ஒவ்வொரு பாலிஷுக்கும் சட்டை மெலியும். திரும்ப வளராது!

ஆகவே கீறல் இல்லாத புதுக் காருக்குப் பாலிஷ் தேவை இல்லை. ‘மாதம் ஒரு பாலிஷ்’ என்று யாராவது சொன்னால் தலையாட்டாதீர்கள்.

மெழுகு என்பது பூசுவது. பெயிண்டின் மேல் அது இன்னொரு தோல். உப்பும் எச்சமும் முதலில் மெழுகைத்தான் தின்னும். பேர் பெற்ற கார்னோபா மெழுகு பிரேசில் நாட்டுப் பனை ஒன்றின் ஓலையிலிருந்து வருகிறது. நம் பனைமரத்துக்கு அது தூரத்து உறவு! நம் வெயிலில் மெழுகு ஓரிரு மாதம் தாங்கும். சீலன்ட் என்ற செயற்கைப் பூச்சு அதை விடச் சில மாதம் கூடுதலாக நிற்கும்.

செராமிக் கோட்டிங் என்று இப்போது ஒன்று பிரபலம். அது கண்ணாடி போன்ற மெல்லிய பூச்சு. வருடக் கணக்கில் தாங்கும். அழுக்கு சுலபமாகப் போகும். ஆனால் கல் பட்டால் தடுக்காது. கழுவாமல் விடவும் முடியாது. கல்லைத் தடுப்பது பி.பி.எஃப். என்ற தடித்த பிளாஸ்டிக் தோல். விலை அதிகம். லாரிகளின் பின்னால் தினம் ஓட வேண்டியவர்கள், காரின் முன்பகுதிக்கு மட்டும் ஒட்டிக்கொண்டாலும் பலன் உண்டு.

டிங்கரிங் பட்டறையில் புதிதாகப் பெயிண்ட் அடித்த காருக்கு மட்டும் அவசரப்பட்டு மெழுகு போடாதீர்கள். அந்தப் பெயிண்ட் முழுவதும் இறுகச் சில வாரங்கள் ஆகலாம். பெயிண்டரைக் கேட்டுச் செய்யுங்கள்.

கப்பல் ஏறும் கார்கள்

நிலக்கரிக்காக 2001-ல் திறந்த எண்ணூர்த் துறைமுகம், 2014-ல் காமராஜர் துறைமுகம் ஆயிற்று. 2010 முதல் அங்கிருந்து கார்களும் வெளிநாடு போகின்றன. ஒரே துறைமுகத்தில் கரியும் உண்டு, புதுக் காரும் உண்டு!

கப்பல் ஏறும் கார்களின் பானெட்டிலும் கூரையிலும் வெள்ளைப் பிளாஸ்டிக் தாள் ஒட்டி அனுப்புவது கார்க் கம்பெனிகளின் வழக்கம். கப்பலுக்குள் காரை ஓட்டிச் செல்பவர்கள் மோதிரம், கைக்கடிகாரம் போடக் கூடாது. பெல்ட் பக்கிளை மறைத்துக்கொள்ள வேண்டும். உலகத் துறைமுகங்கள் பலவற்றில் இது விதி. ஒரு பக்கிள் உரசினால் ஒரு கார் கெட்டுவிடும்!

வீட்டிலும் இதைக் கடைப்பிடிக்கலாம். காரின் மேல் சாய்ந்து பேசுவது, பையை வைப்பது, குழந்தையை உட்கார வைப்பது, எல்லாமே கீறல்தான்.

கழுவ முடியாதது

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து எண்ணூருக்கு வந்தது. வீட்டுச் சுவர்களிலும் மீனவர் படகுகளிலும் கரிய பசை படிந்தது. வலைகள் பாழாயின. பல நாள் தொழில் நின்றது.

காரில் படிந்ததைக் கழுவலாம். காற்றில் இருப்பதைக் கழுவ முடியாது. பானெட்டில் தினம் எவ்வளவு சாம்பல் படிகிறதோ, அதே காற்றைத்தான் திண்ணையில் தூங்கும் குழந்தையும் சுவாசிக்கிறது. விரலால் பானெட்டைத் தடவிப் பார்க்கும்போது இதையும் நினைத்துக்கொள்ள வேண்டும். ராயபுரத்துக் கரித்தூளை நிறுத்தியது மெழுகு அல்ல. மக்களின் முறையீடு!

ஒரு சின்னச் சோதனை

மெழுகு இருக்கிறதா, போய்விட்டதா என்று அறிவது எப்படி?

கழுவிய காரின் மேல் ஒரு மக் தண்ணீர் ஊற்றுங்கள். தாமரை இலைத் தண்ணீர் போல முத்து முத்தாக உருண்டால், மெழுகு இருக்கிறது. தாள் போலப் பரவி நின்றால், போய்விட்டது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, நிழல் பார்த்து நிறுத்தி, திரும்பவும் பூசிவிடுங்கள்!