உங்களுக்குத் தெரியுமா? சொன்ன பேச்சைக் கேட்காத கூட்டாளிகள்

ஜப்பானின் அட்லஸ் நிறுவனம் 2006இல் பிளேஸ்டேஷன் 2க்காக வெளியிட்ட ‘பெர்சோனா 3’ விளையாட்டில், சண்டையின்போது நாயகனை மட்டுமே ஆட்டக்காரர் நேரடியாக இயக்க முடியும். கூட்டாளிகளுக்குப் பொதுவான உத்தி ஒன்றைச் சொல்லலாம். எந்த மந்திரத்தைப் போடுவது என்பது அவர்கள் இஷ்டம்!

இதில் பெயர் கெட்டுப்போனவர், கூட்டாளிகளில் ஒருவரான மித்சுரு. வலுவான பனி மந்திரம் கைவசம் இருக்க, எதிரியை மயக்கும் ‘மரின் கரின்’ மந்திரத்தையே போட்டுத் தன் முறையை வீணாக்குவார். ரசிகர்கள் இன்றும் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். 2009இல் வந்த ‘போர்ட்டபிள்’ பதிப்பில்தான் அவரை நேரடியாக இயக்க வழி பிறந்தது.

நாயகனுக்கோ அள்ளிக் கொடுத்திருந்தார்கள். மந்திரங்களைத் தரும் ‘பெர்சோனா’ எனும் மாய உருவம் கூட்டாளிகளுக்கு ஆளுக்கொன்றுதான். நாயகன் பலவற்றை வைத்துக்கொண்டு சண்டைக்கு நடுவிலேயே மாற்றிக்கொள்ளலாம். அதற்கு விலையும் உண்டு: அவர் விழுந்தால், உயிர்ப்பிக்கும் மந்திரம் தெரிந்தவர் பக்கத்தில் நின்றாலும் ஆட்டம் முடிந்தது. கொஞ்சம் கொடூரமான கணக்குதான்.

2008இல் வந்த ‘பெர்சோனா 4’ இந்த விதியைக் கைவிடவில்லை, ஆனால் இளக்கியது. நட்பு வளர்ந்த தோழர்கள், நாயகனின் உயிரைப் பறிக்கும் அடியைக் குறுக்கே பாய்ந்து தாங்களே வாங்கிக்கொள்வார்கள்.