பெட்டிக்குள் தூங்கும் பேவர்-லூபா: இன்னும் மவுசு உண்டா?

ஒரு காலத்தில் மாப்பிள்ளைக்கு மோதிரம் போட்டார்கள். சைக்கிள் வாங்கிக் கொடுத்தார்கள். கொஞ்சம் வசதியான வீடு என்றால் கைக்கெடிகாரமும் கட்டினார்கள். "மாப்பிள்ளை கையில் என்ன வாட்சு?" என்று பந்தியில் விசாரிப்பார்கள். "பேவர்-லூபா!" என்று பதில் வந்தால், கேட்டவர் வாயை மூடிக்கொள்வார்.

அந்த மாப்பிள்ளைகள் இன்று தாத்தாக்கள். பலர் போயும் விட்டார்கள். கெடிகாரம் மட்டும் பீரோவின் அடித்தட்டில், பழைய பத்திரங்களுக்கும் மூக்குக் கண்ணாடிக்கும் நடுவில் கிடக்கிறது. தென்காசி மாவட்டத்தில் பண்பொழி, செங்கோட்டை, கடையநல்லூர் பக்கத்துப் பழைய வீடுகளில் இப்படி ஒன்று கிடந்தால் அது அதிசயம் அல்ல. இந்தப் பக்கத்து ஆட்கள் அந்தக் காலத்திலேயே சிங்கப்பூருக்குக் கப்பல் ஏறியவர்கள். தென்காசிக்காரர்களும் கடையநல்லூர்க்காரர்களும் அங்கே சங்கமே வைத்திருந்தார்கள். சிங்கப்பூரிலிருந்து ஊர் திரும்புகிறவர் மணிக்கட்டில் சுவிஸ் கெடிகாரம் மின்னினால்தான் போன காரியம் முடிந்ததாக அர்த்தம்!

இப்போது பேரன் கேட்கிறான்: "இதற்கு இன்னும் விலை உண்டா? யாராவது வாங்குவார்களா?"

நியாயமான கேள்வி. பதில் சொல்வதற்கு முன், இந்தக் கெடிகாரம் யார் வீட்டுப் பிள்ளை என்று பார்த்துவிடலாம்.

மலை நாட்டில் பிறந்தது

சுவிட்சர்லாந்தும் ஒரு மலை நாடுதான். அங்கே 'லெ லாக்ல்' என்று ஒரு சிற்றூர். பனிக்காலத்தில் வயல் வேலை கிடையாது. வீட்டுக்குள் உட்கார்ந்து கெடிகாரம் செய்தார்கள். அந்த ஊரில் ஆபிரகாம் பேவர் என்ற கெடிகாரக் கைவினைஞர் இருந்ததாக 1737-ஆம் ஆண்டுப் பத்திரம் ஒன்று சொல்லுகிறது. அதுதான் இந்தக் கம்பெனியின் ஜாதகம். பின்னால் 1815-ல் லூபா குடும்பம் கூட்டுச் சேர்ந்தது. இரண்டு குடும்பப் பெயரும் சேர்ந்து 'பேவர்-லூபா' ஆயிற்று.

இந்தியாவுக்கு அவர்கள் வந்தது 1865-ல். பம்பாயில் கடை போட்டார்கள். அப்போது மணிக்கட்டில் கட்டும் வழக்கம் கிடையாது. சட்டைப் பையில் சங்கிலி போட்டு வைக்கும் கெடிகாரம்தான். கைக்கெடிகாரம் பரவியது முதல் உலக யுத்தத்துக்குப் பிறகு.

பேவர்-லூபாவுக்குப் போட்டியும் இருந்தது. 1886-ல் பம்பாயில் 'வெஸ்ட் எண்டு' என்ற இன்னொரு சுவிஸ் கம்பெனி தோன்றியது. அதன் 'சோவார் பிரைமா' கெடிகாரத்தைப் பட்டாளத்துக்காரர்களிடமும் ரயில்வேக்காரர்களிடமும் நிறையப் பார்க்கலாம். ஆனாலும் கல்யாண வீட்டு மவுசில் பேவர்-லூபாவுக்குத்தான் ஒரு படி அதிகம். 'சீ கிங்', 'சீ சீப்' என்று இரண்டு ரகம் தமிழ்நாட்டில் அதிகம் புழங்கியது. பெயரில் கடல் இருக்கிறது. கட்டியவர்களில் பாதிப்பேர் கடலைப் பார்த்திருப்பார்களோ என்னவோ!

கிடைக்காத பொருளுக்குத்தான் கிராக்கி

சுதந்திரத்துக்குப் பிறகு வெளிநாட்டுச் சரக்குக்குக் கட்டுப்பாடு வந்தது. கெடிகாரமும் அதில் அகப்பட்டது. 1961-ல் பெங்களூரில் எச்.எம்.டி. தொழிற்சாலை, ஜப்பானின் சிட்டிசன் கம்பெனியின் உதவியோடு கைக்கெடிகாரம் செய்ய ஆரம்பித்தது. ஆனாலும் சுவிஸ் பெயருக்கு இருந்த மோகம் குறையவில்லை. கள்ளக் கடத்தலும் கொழுத்தது. 1962-ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டத்தில் தங்கத்துக்குப் பக்கத்திலேயே கெடிகாரத்தையும் எழுதி வைத்தார்கள். சந்தேகத்தின் பேரில் அதிகாரிகள் பிடித்தால், அது கடத்தல் சரக்கு அல்ல என்று வைத்திருந்தவர்தான் நிரூபிக்க வேண்டும்! தங்கத்துக்குச் சமமாகச் சட்டமே கெடிகாரத்தை மதித்த காலம் அது.

இத்தனை கெடுபிடியில் ஒருவர் கைக்கு ஒரு பேவர்-லூபா வந்து சேர்ந்தது என்றால், அதைக் குளிக்கும்போது கழற்றி, துடைத்து, ராத்திரி தலையணைக்கடியில் வைத்துப் படுத்ததில் என்ன ஆச்சரியம்?

அது ஒன்றும் வெறும் பெயரும் அல்ல. சரக்கும் நல்ல சரக்கு. பலவற்றில் உள்ளே 17 'கல்' இருக்கும். கல் என்றால் வைரம் அல்ல, செயற்கையாகச் செய்த மாணிக்கக் கல். சக்கரங்களின் அச்சு உலோகத்தின்மீது சுழன்றால் சீக்கிரம் தேய்ந்துவிடும். கல்லின்மீது சுழன்றால் தேயாது. "பதினேழு கல் வாட்சு" என்று அந்தக் காலத்தில் பெருமை பேசியதன் பொருள் இதுதான். அந்தக் கல்லைப் பெயர்த்து விற்று யாரும் பணக்காரர் ஆக முடியாது.

மலை ஏறினால் முள் நகரும்

சேகரிப்பவர்கள் வெறி பிடித்துத் தேடுகிற பேவர்-லூபா வேறு. அது 'பிவுவாக்'. 1962-ல் வந்தது. அந்தக் காலத்துக்கு அது மந்திரக் கெடிகாரம். மணியோடு, நிற்கும் இடத்தின் உயரத்தையும் காட்டும்!

எப்படி? உள்ளே மெல்லிய தகட்டால் செய்த சிறு டப்பி ஒன்று இருக்கிறது. அதிலுள்ள காற்றை எடுத்து அடைத்துவிட்டார்கள். கீழே இருக்கும்போது வெளிக்காற்று அந்த டப்பியை அழுத்துகிறது. மேலே போகப் போகக் காற்றின் அழுத்தம் குறைகிறது. டப்பி இலேசாக உப்புகிறது. அந்த அசைவு ஒரு முள்ளைத் தள்ளுகிறது. பண்பொழித் திருமலைக் குமாரசாமி கோயிலுக்கு 600-க்கு மேற்பட்ட படிகள். பிவுவாக் கட்டிக்கொண்டு ஏறினால், உச்சிக்குப் போவதற்குள் முள் கொஞ்சம் நகர்ந்திருக்கும்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. மழை நெருங்கும்போதும் காற்றின் அழுத்தம் குறையும். ஆகவே சாரல் காலத்தில் திண்ணையில் சும்மா உட்கார்ந்திருந்தாலும் முள் நகர்ந்து, நீங்கள் மலை ஏறுவதாகச் சொல்லும்! மலையேறிகள் அதைப் பார்த்துத்தான் "வானிலை கெடப் போகிறது" என்று தெரிந்துகொண்டார்கள். 1975-ல் எவரெஸ்டு உச்சியை முதன்முதலில் எட்டிய பெண்மணி, ஜப்பானின் ஜூன்கோ தபெய். அவர் கையில் இருந்தது பிவுவாக்தான் என்று கம்பெனி இன்றும் பெருமையுடன் சொல்லிக்கொள்கிறது.

கடலுக்குள் மூழ்குகிறவர்களுக்காக 1960-களில் 'டீப் புளூ' வந்தது. மூழ்கிய ஆழத்தையே காட்டும் 'பேத்தி' என்ற ரகமும் வந்தது. பெயரைக் கேட்டுத் தாத்தாக்கள் மகிழ வேண்டாம். அந்தச் சொல்லுக்கு ஆழம் என்று பொருள்!

அடி விழுந்தது

1969 கிறிஸ்துமஸ் நாளன்று ஜப்பானில் சீகோ கம்பெனி குவார்ட்சு கைக்கெடிகாரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. சாவி கொடுக்க வேண்டாம். சின்ன பாட்டரி போதும். நேரமும் தவறாது. விலையும் போகப் போகச் சரிந்தது. சுவிட்சர்லாந்து நிலைகுலைந்தது. 1970 வாக்கில் அங்கே கெடிகாரத் தொழிலில் சுமார் 90,000 பேர் இருந்தார்கள். 1980-களின் நடுவில் மிஞ்சியவர்கள் ஏறக்குறைய 30,000 பேர்தான். பேவர்-லூபாவும் அந்த வெள்ளத்தில் தப்பவில்லை. எட்டுத் தலைமுறையாக நடத்திய குடும்பத்தின் கையை விட்டுப் போயிற்று. பிறகு பல கை மாறியது.

2011-ல் ஒரு விசித்திரம் நடந்தது. அந்தப் பெயரை டைட்டன் கம்பெனி வாங்கியது! டைட்டன் என்பது டாட்டாவும் தமிழ்நாடு அரசின் 'டிட்கோ' நிறுவனமும் சேர்ந்து 1984-ல் தொடங்கியது. தொழிற்சாலை நம் ஓசூரில். தாத்தா சிங்கப்பூரிலிருந்து அருமையாகக் கொண்டுவந்த சுவிஸ் பெயர், தமிழ்நாடு அரசுக்குப் பங்கு உள்ள கம்பெனிக்கே சொந்தமாயிற்று.

விலை? 20 லட்சம் யூரோ. பெரிய தொகை போலத் தோன்றும். ஆனால் 2017-ல் நியூயார்க்கில் ஒரே ஒரு பழைய ரோலக்ஸ் கெடிகாரம், நடிகர் பால் நியூமன் கட்டியது, 1 கோடியே 77 லட்சம் டாலருக்கு மேல் ஏலம் போயிற்று. பேவர்-லூபா என்ற பெயர் முழுவதையும் வாங்கியதைப்போல ஐந்து மடங்குக்கு மேல்! கெடிகார உலகில் யாருக்கு எவ்வளவு மரியாதை என்பதற்கு இதைவிட அளவுகோல் வேண்டாம்.

டைட்டன் புதிய பிவுவாக் ஒன்றைச் செய்தது. அது 9,000 மீட்டர் உயரம் வரை காட்டும். எவரெஸ்டே 8,849 மீட்டர்தான். நல்ல வேலைப்பாடு. ஆனால் வியாபாரம் எடுபடவில்லை. கடைசியில், உயர்ந்த ரகக் கெடிகாரம் விற்கும் எத்தோஸ் என்ற இந்தியக் கம்பெனியின் கைக்குப் பெயர் போயிற்று. 2024 ஆகஸ்டு மாதம் ஜெனீவாவில் புதுப்பொலிவோடு மறுபடியும் வெளியிட்டார்கள். பழைய 'டீப் புளூ'வின் சாயலில் ஒன்றும் அதில் உண்டு. விலை லட்ச ரூபாயைத் தாண்டும்.

இதில் ஒரு கேள்வி தொக்கி நிற்கிறது. குடும்பம் இல்லை, பழைய தொழிலாளி இல்லை, பழைய பட்டறை இல்லை. பெயர் மட்டும் இருந்தால் அது பரம்பரையா? அதனால்தான் சேகரிப்பவர்கள் பலர் புதியதைத் தட்டிப் பார்த்துவிட்டுப் பழையதைத் தேடி வருகிறார்கள். புதிய விளம்பரத்தால் லாபம் அடைந்தது பழைய கெடிகாரம்தான் என்றும் சொல்லலாம்.

ஆக, பேரனுக்குப் பதில்

பிவுவாக், டீப் புளூ, பேத்தி போன்றவை நல்ல நிலையில் இருந்தால் உலகம் முழுவதும் கிராக்கி உண்டு. பிவுவாக் லட்ச ரூபாய்க்கு மேலும் போகும். ஆனால் தாத்தாவின் பெட்டியில் அது இருக்க வாய்ப்பு மிகச் சொற்பம். இருப்பது சீ கிங் அல்லது சீ சீப். அவை ஏராளமாக வந்த சரக்கு. விலை சில ஆயிரங்கள்தான். அதை விற்று மாடி வீடு கட்ட முடியாது. விரும்பி வாங்குகிறவர்கள் மட்டும் இருக்கிறார்கள், அதுவும் ஒரு நிபந்தனையோடு. கெடிகாரம் பிறந்த மேனிக்கு இருக்க வேண்டும்.

இங்கேதான் பல குடும்பங்கள் ஏமாறுகின்றன. டயல் மங்கிவிட்டதே என்று, விற்பதற்கு முன் புதிதாக வர்ணம் அடிக்கக் கொடுக்கிறார்கள். பளபளவென்று வந்துவிடும். மதிப்பு போய்விடும்! மங்கிய டயலை விரும்புகிறவன், புதிதாக எழுதிய டயலைத் தொடமாட்டான். மேல் கூட்டைத் தேய்த்து மெருகு போடுவதும் அப்படித்தான்.

வாங்குகிறவர்களுக்கு வேறு ஆபத்து. உடைந்த மூன்று நான்கு கெடிகாரங்களின் பாகங்களைச் சேர்த்து, ஆரஞ்சு, நீலம் என்று கண்ணைப் பறிக்கும் டயலைப் போட்டு, 'பழைய பேவர்-லூபா' என்று விற்கிறார்கள். வெளிநாட்டுக்காரர்கள் இதற்கு 'மும்பை ஸ்பெஷல்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். டயலில் எழுத்து கோணலாக இருக்கிறதா, வர்ணம் பிசிறடித்திருக்கிறதா, 60 வருஷத்துக் கெடிகாரத்தில் டயல் மட்டும் நேற்றுச் செய்ததுபோல் இருக்கிறதா என்று பூதக்கண்ணாடியால் பார்க்க வேண்டும். பின்மூடியைத் திறந்து, உள்ளே இயந்திரத்திலும் கம்பெனியின் பெயர் அல்லது முத்திரை உண்டா என்றும் பார்க்கச் சொல்ல வேண்டும்.

பீரோவிலிருந்து எடுத்தவுடன் ஆசையாகச் சாவி கொடுப்பதும் கூடாது. பல வருஷம் ஓடாத கெடிகாரத்தில் எண்ணெய் காய்ந்து பிசினாகியிருக்கும். குற்றாலச் சாரல் வீசும் ஊர்களில் ஈரமும் புகுந்திருக்கும். மயிரிழை போன்ற ஹேர் ஸ்பிரிங்கில் ஒரு புள்ளி துரு இருந்தாலும் நேரம் ஓடாது. விவரம் தெரிந்த ரிப்பேர்காரரிடம் கொடுத்துப் பிரித்துக் கழுவி எண்ணெய் போட்ட பிறகே சாவி கொடுக்க வேண்டும்.

குழந்தைகள் உள்ள வீட்டுக்கு ஓர் எச்சரிக்கை. 1960-களுக்கு முந்திய கெடிகாரங்களில் இருட்டில் ஒளிரும் முள்ளும் எண்ணும் இருந்தால், அந்தப் பூச்சு ரேடியமாக இருக்கலாம். ஒளிர்வது எப்போதோ நின்றிருக்கும். ஆனால் ரேடியத்தின் வீரியம் பாதியாகக் குறையவே ஏறக்குறைய 1,600 வருஷம் ஆகும். மூடியிருக்கும் வரை பயமில்லை. கண்ணாடியைக் கழற்றிச் சுரண்டவோ, உதிரும் பொடியை ஊதவோ கூடாது.

ரிப்பேருக்கு உதிரிப் பாகம் கிடைக்குமா? மெயின் ஸ்பிரிங்கு, கண்ணாடி, வார் கிடைத்துவிடும். பாலன்ஸ் சக்கரத்தின் அச்சு ஒடிந்தால்தான் திண்டாட்டம். அதே ரகத்தில் இன்னொரு பழைய கெடிகாரம் வாங்கி, அதைப் பிரித்து இதற்குப் போட வேண்டியிருக்கும். அதனால் ஓடாத பேவர்-லூபாவுக்கும் ஒரு விலை உண்டு. பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிட வேண்டாம்.