காவிரியின் புதிய பங்காளி

தஞ்சைச் சீமையில் ஜூன் மாதம் 12-ஆம் தேதிக்குத் தனி மகிமை உண்டு. மேட்டூர் மதகுகளைத் திறப்பதற்கு வழக்கமாகக் குறித்த நாள் அது. 2023-ஆம் வருஷத்திலும் அன்றைக்கே திறந்தார்கள். ஆனால் ஜலம் வற்றிப்போய் அக்டோபரிலேயே மூட நேர்ந்தது. அடுத்த மார்ச்சில், குடிநீரைக் கொண்டு மோட்டார் வண்டி கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று பெங்களூரில் உத்தரவு பிறந்தது. இரண்டு ஊர்க் கஷ்டமும் ஒரே ஆற்றின் கஷ்டந்தான்.

நிலம் பெருகாமல் பங்காளிகள் மட்டும் பெருகினால் என்ன நேரும் என்பதை நம் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 1924-இல் சென்னையும் மைசூரும் உடன்படிக்கை செய்துகொண்டபோது அணைகளையும் வயல்களையும் பற்றியே பெரும்பாலும் பேச்சு. 2007-இல் நடுவர் மன்றம் ஆற்றின் நீரை 740 டி.எம்.சி. என்று மதித்துப் பாகம் பிரித்தது: தமிழ்நாட்டுக்கு 419, கர்நாடகத்துக்கு 270, கேரளத்துக்கு 30, புதுச்சேரிக்கு 7. ஆற்றுக்கும் கடலுக்கும் மிஞ்சியது வெறும் 14! அந்த 740-ம் இரண்டு வருஷத்தில் ஒரு வருஷமே நம்பக்கூடிய தொகை என்பதை மறந்துவிடலாகாது.

இந்தப் பந்தியில் இப்போது நகரம் வந்து உட்கார்ந்திருக்கிறது. 2018-இல் சுப்ரீம் கோர்ட்டு கர்நாடகத்தின் பங்கை உயர்த்தியபோது, பெங்களூரின் குடிநீருக்கென்றே 4.75 டி.எம்.சி. ஒதுக்கிற்று. தாகத்துக்குத் தண்ணீர் கொடாதே என்று யார் சொல்வார்? சென்னைக்கும் 2004 முதல் வீராணத்திலிருந்து குழாய் வழியே காவிரி நீர் போகிறதே!

நமது சந்தேகம் வேறு. குடிநீரில் ஐந்தில் ஒரு பங்கே செலவாகும், நான்கு பங்கு திரும்பி வரும் என்பது நடுவர் மன்றத்தின் கணக்கு. ஆனால் எங்கே திரும்புகிறது? சுமார் 100 கிலோமீட்டர் தூரம், 1,500 அடிக்கு மேல் உயர்த்திக் கொண்டுபோகும் ஜலம் ஒரு மேட்டு நகரத்தை அடைகிறது. அதன் ஒரு பக்கத்துச் சாக்கடையே காவிரியை நாடும். மற்றொரு பக்கம் தென்பெண்ணையை நோக்கி ஓடுகிறது. 2018 முதல் அதில் ஒரு பகுதியைச் சுத்திகரித்துக் கோலார் ஏரிகளுக்கு அனுப்புகிறார்கள். வறண்ட கோலாரின் கிணறுகள் ஊறுவதில் நமக்குப் பொறாமை கிடையாது. ஆயினும் அது காவிரிக்குத் திரும்பிய நீர் ஆகுமா?

2024 அக்டோபரில் திறந்த ஐந்தாம் கட்டத் திட்டம் மட்டும் தினம் 77 கோடியே 50 லட்சம் லிட்டர் கொணரும். வருஷத்துக்குச் சுமார் 10 டி.எம்.சி. அதில் எவ்வளவு, எந்த ஆற்றில் போய்ச் சேர்ந்தது என்று மேலாண்மை ஆணையம் வருஷந்தோறும் அளந்து வெளியிட வேண்டும். வீராணத்துக் கணக்கையும் கூடவே சேர்த்துக்கொள்ளட்டும், நாம் மறுக்கமாட்டோம்.