பாராமகால்: பெயர் மறைந்த ஒரு சீமை

சேலம் நகருக்குத் தெற்கே, ஜருகுமலையின் அடிவாரத்தில் இருக்கிறது பனமரத்துப்பட்டி. அரளிப்பூவுக்குப் பெயர் போன ஊர். அங்கே கிணறு வெட்டி அரளித் தோட்டம் போட்டிருக்கும் எந்தக் குடியானவரைக் கேட்டாலும், பெட்டியைத் திறந்து தம் பட்டாவை எடுத்துக் காட்டுவார். அதில் நிலத்தின் எண் இருக்கும், விஸ்தீரணம் இருக்கும், தீர்வை இருக்கும், எல்லாவற்றுக்கும் மேலாக அவருடைய சொந்தப் பெயர் இருக்கும். "இதில் என்ன அதிசயம்? எல்லோரிடமும்தான் பட்டா இருக்கிறது" என்று நேயர்கள் கேட்கலாம். அதிசயம் என்னவென்றால், ஊரை மொத்தமாக ஒருவருக்குக் குத்தகை விட்டுப் பணம் வாங்குவதை விட்டு, வயல் வயலாக அளந்து, குடி குடியாகப் பெயர் எழுதி, சர்க்கார் நேரடியாகக் கணக்குத் தீர்த்துக் கொள்வது என்ற ஏற்பாட்டைக் கும்பினியார் முதன் முதலில் பரீட்சை பார்த்தது இந்தச் சீமையில்தான். அந்தச் சீமைக்குப் பாராமகால் என்று பெயர். இன்று அந்தப் பெயரில் ஜில்லாவும் இல்லை, தாலுகாவும் இல்லை.

பழைய சேலம் ஜில்லாவை மூன்று துண்டுகளாகச் சொல்வது வழக்கம். கணவாய்களுக்குக் கீழே சேலம், ஆத்தூர், ராசிபுரம், நாமக்கல், சங்ககிரி முதலிய சமவெளிப் பிரதேசம் தாலகாட். ஓசூரைச் சேர்ந்த மேட்டுப் பூமி பாலகாட். இவ்விரண்டுக்கும் இடையில், ஜில்லாவின் வடபாகத்தில், தர்மபுரி, கிருஷ்ணகிரி, திருப்பத்தூர் ஆகியவற்றைச் சுற்றிய பிரதேசமே பாராமகால். பனமரத்துப்பட்டி இந்தக் கணக்கில் தாலகாட்டைச் சேர்ந்தது. ஆனால் கும்பினியார் கையில் இரண்டும் ஒரே நாளில் வந்தன. ஒரே அதிகாரியின் கீழ் இருந்தன. ஒரே சட்டம் இரண்டுக்கும் செல்லுபடியாயிற்று. ஆகவே வடக்கே நடந்ததைச் சொல்லாமல் தெற்கின் கதையைச் சொல்ல முடியாது.

'பாரா' என்றால் ஹிந்துஸ்தானியில் பன்னிரண்டு. 'மகால்' என்றால் மாளிகை. பன்னிரண்டு கோட்டைகள் காவல் காத்த நாடு என்பது பொதுவாகச் சொல்லப்படும் பொருள். கிருஷ்ணகிரி, ஜெகதேவி, மகாராஜகடை, தட்டக்கல், திருப்பத்தூர், வாணியம்பாடி என்று எண்ணத் தொடங்கினால், பன்னிரண்டை எட்டுவதற்குள் ஆளுக்கு ஆள் கணக்கு மாறிவிடுகிறது. வடநாட்டு வரிக் கணக்குகளில் 'மகால்' என்பது ஒரு வசூல் பிரிவுக்கும் பெயர். மாளிகையும் கோட்டையும் கேட்க இனிமையாக இருந்தாலும், வரிப் பிரிவு என்ற பொருளே பின்னால் வந்த சரித்திரத்துக்கு அதிகமாகப் பொருந்துகிறது என்பது என் அபிப்பிராயம்.

விஜயநகரத்தின் கடைசிக் காலத்தில் ஜெகதேவராயர் என்ற தளபதி இந்தச் சீமையைப் பெற்று ஆண்டார். அவர் பெயரை ஜெகதேவி என்னும் ஊர் இன்னும் சுமந்து கொண்டிருக்கிறது. பிறகு மைசூர் மன்னர்கள், அவர்களுக்குப் பின் ஹைதர் அலி, அவர் மகன் திப்பு சுல்தான். மைசூரிலிருந்து கர்நாடகச் சமவெளிக்கு இறங்கும் படைக்கும், சென்னையிலிருந்து மைசூருக்கு ஏறும் படைக்கும் இதுதான் வாசற்படி. வாசற்படியில் இருப்பவனுக்கு இரண்டு பக்கத்து மிதியும் உண்டல்லவா? இங்கிருந்த குடியானவர்கள் முப்பது வருஷம் அதை அனுபவித்தார்கள். செங்குத்தான பாறைமேல் நிற்கும் கிருஷ்ணகிரிக் கோட்டையை 1791-ஆம் வருஷம் நவம்பரில் ஆங்கிலப் படை ஏறிப் பிடிக்க முயன்று தோற்றுத் திரும்பியது. போரில் பிடிக்க முடியாததை அடுத்த வருஷம் ஒரு காகிதம் வாங்கிக் கொடுத்தது. 1792 மார்ச்சில் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் நடந்த உடன்படிக்கையில் திப்பு தம் ராஜ்யத்தில் பாதியையும், மூன்று கோடியே முப்பது லட்சம் ரூபாயையும் கொடுக்க ஒப்புக்கொண்டு, இரண்டு புதல்வர்களைப் பிணையாக அனுப்பினார். கும்பினியாரின் பங்கில் மலபார், திண்டுக்கல் ஆகியவற்றுடன் பாராமகாலும் சேலமும் அடங்கின.

புதிய சீமையை யாரிடம் ஒப்படைப்பது? கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸ் பிரபுவுக்குச் சென்னைக் கும்பினி உத்தியோகஸ்தர்கள்மேல் அவ்வளவு நம்பிக்கை இல்லை. தேச பாஷை தெரியாமல் துபாஷிகள் சொல்வதைக் கேட்டுக் கையெழுத்துப் போடுகிறவர்கள் அவர்கள் என்பது அவருடைய குறை. ஆகவே போரில் உளவும் உணவுச் சேகரமும் கவனித்து, ஜனங்களோடு பழகிய ஒரு ராணுவக்காரரைத் தேர்ந்தெடுத்தார். அவர் காப்டன் அலெக்ஸாண்டர் ரீட். அவருக்கு உதவியாக மூன்று பேர், அவர்களும் பட்டாளத்தார்: வடக்கே கிரஹாம், நடுவே மன்றோ, தெற்கே தாலகாட்டில் மக்ளியாட். ரீட் திருப்பத்தூரில் கச்சேரி வைத்தார். முப்பத்தோரு வயதான மன்றோ தர்மபுரியில் குடியேறினார்.

அப்போதிருந்த முறை என்ன? ஊர்ப் பெரியதனக்காரரோ, குத்தகைக்காரரோ இவ்வளவு தருகிறேன் என்று சர்க்காருக்கு ஒப்புக்கொள்வார். அதை யாரிடம் எவ்வளவு வாங்குகிறார் என்பது அவருக்கும் கடவுளுக்கும் கர்ணத்துக்கும்தான் வெளிச்சம். ரீட் துரையும் முதலில் பல வருஷக் குத்தகையையே மனத்தில் வைத்திருந்தார். ஆனால் எவ்வளவு நிலம், எவ்வளவு விளைவு என்று தெரியாமல் குத்தகையை எப்படி நிர்ணயிப்பது? ஆகவே அளக்கத் தொடங்கினார்கள். சுமார் ஐந்து வருஷம் அளந்தார்கள். நஞ்சை வேறு, புஞ்சை வேறு, தோட்டம் வேறு என்று பிரித்து, வயலுக்கு வயல் எல்லையும் தரமும் குறித்து, அதற்குத் தீர்வை கட்டினார்கள். அளந்து முடித்தபோது, குத்தகைக்காரர் இல்லாமலே வசூலிக்கலாம் என்பது தெரிந்து போயிற்று. பெரிய கொள்கை எதையும் நாடி அவர்கள் புறப்படவில்லை. கணக்கு எழுதப் போய் ஒரு கொள்கையில் முடிந்தது.

1796-ஆம் வருஷம் டிஸம்பரில் ரீட் வெளியிட்ட பிரகடனத்தின் ஷரத்துகளில் இரண்டைக் குடியானவர்கள் கெட்டியாகப் பிடித்துக் கொண்டார்கள். வருஷா வருஷம் தனக்கு வேண்டிய நிலத்தை வைத்துக் கொள்ளவும், வேண்டாததை விட்டுவிடவும் குடியானவனுக்கு உரிமை உண்டு என்பது ஒன்று. புஞ்சையில் தன் சொந்தச் செலவில் கிணறு வெட்டித் தோட்டமாக்கினால், அந்த அபிவிருத்திக்காகத் தீர்வை ஏற்றப்பட மாட்டாது என்பது மற்றொன்று. ஆறு பாயாத, மழையை நம்ப முடியாத சேலம் பூமியில் இரண்டாவது ஷரத்துக்கு எவ்வளவு மதிப்பு என்று சொல்ல வேண்டியதில்லை. பாறையைப் பிளந்து கிணறு தோண்டுகிறவனுக்குப் பயம் கல்லைப் பற்றி மாத்திரம் அல்ல. தண்ணீர் வந்த மறுநாள் வரும் ரெவினியூ இன்ஸ்பெக்டரைப் பற்றியும்தான். அந்த இரண்டாவது பயத்தைப் பிரகடனம் நீக்கிற்று. பனமரத்துப்பட்டி வட்டாரத்தில் இன்று காணும் கிணற்றுத் தோட்டங்களின் பூர்வ கதையில் அந்த ஷரத்துக்கும் ஓர் இடம் உண்டு.

இந்த முறைக்கு ரயத்துவாரி என்று பெயர் வந்தது. ஆரம்பித்தவர் ரீட், பெயர் வாங்கியவர் மன்றோ. ரீட் 1799-இல் சீமையை விட்டுப் போனார்; இன்று அவர் பெயரைச் சொன்னால் சரித்திர உபாத்தியாயர்கள்கூடச் சற்று யோசிக்கிறார்கள். ஏழு வருஷம் தர்மபுரியில் தோட்டம் போட்டுக்கொண்டு, கிராமம் கிராமமாகக் குதிரையில் சுற்றி, ஜனங்களின் வழக்கு வியாஜ்யங்களைக் கேட்ட மன்றோவோ, கன்னட ஜில்லா, கடப்பை, பல்லாரி என்று சென்று, 1820-இல் சென்னைக்குக் கவர்னராகவே வந்துவிட்டார். அங்கே தீவுத்திடலருகே சேணமில்லாத குதிரைமேல் அவர் இன்னும் உட்கார்ந்திருக்கிறார்.

ஆனால் இடையில் ஒரு விபரீதம் நேர்ந்தது. வங்காளத்தில் காரன்வாலிஸ் செய்த சாசுவத ஜமீன் ஏற்பாட்டைச் சென்னையிலும் நடத்த வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு வந்தது. ஜமீன்தார் இருக்கும் ஜில்லாக்களில் அது சரி. ஜமீன்தாரே இல்லாத சேலத்தில் என்ன செய்வது? உண்டாக்க வேண்டியதுதானே! 1802 முதல் கிராமங்களைக் கொத்துக் கொத்தாகக் கட்டி 'மிட்டா' என்று பெயரிட்டு ஏலத்தில் விற்றார்கள். கையில் காசு இருந்தவர்கள் மிட்டாதார்களானார்கள். ஐந்து வருஷம் வயல் வயலாக அளந்து கண்டுபிடித்த முழுத் தொகையையும் மிட்டாதார் தலையில் கட்டியதால், அவருக்கு லாபம் நிற்க இடமில்லை. பாக்கி ஏறியது, மிட்டாக்கள் பல மறுபடியும் ஏலத்துக்கு வந்து சர்க்காரிடமே திரும்பின. மன்றோ கவர்னராக வந்த பிறகு ரயத்துவாரியே பொது முறையாயிற்று. ஆனாலும் எஞ்சிய மிட்டாக்கள் போகவில்லை. மிட்டாதார் என்ற கௌரவப் பட்டம் சேலம் ஜில்லாவில் நூற்றைம்பது வருஷம் நீடித்து, சுதந்திரம் வந்த பின் 1948-ஆம் வருஷத்து எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்தால்தான் முடிந்தது.

அதனால் ரயத்துவாரியை ராமராஜ்யம் என்று கொண்டாடிவிட வேண்டாம். குத்தகைக்காரன் போன இடத்தில் சர்க்காரே உட்கார்ந்து கொண்டது. தீர்வை பணமாகக் கட்ட வேண்டும். விளைந்தாலும் கட்ட வேண்டும், விளையாவிட்டால் வஜா கேட்டு மனுப் போட வேண்டும். முதலில் விதித்த தீர்வை எவ்வளவு கடுமை என்பதற்கு மன்றோவே சாட்சி: பின்னாளில் கடப்பை, பல்லாரிச் சீமைகளில் தாம் கட்டிய தீர்வையில் கால் பங்கைக் குறைக்க வேண்டும் என்று 1807-இல் அவரே சிபாரிசு செய்தார். மேலிடம் அப்போது செவி சாய்க்கவில்லை. அவர் கவர்னராக வந்த பிறகுதான் அது நடந்தது. 1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சம் வந்தபோது, பட்டாவைப் பெட்டியில் வைத்துக்கொண்டே குடியானவர்கள் மடிந்தார்கள். 1871-ஆம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்கில் சேலம் ஜில்லாவில் சுமார் 19 லட்சத்து 67 ஆயிரம் பேர். 1881-இல் சுமார் 16 லட்சம் பேர். இடைப்பட்ட பத்து வருஷத்தில் பெருகியிருக்க வேண்டிய ஜனத்தையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள். நிலவரிதான் தேசத்தின் பஞ்சங்களை இவ்வளவு கொடியவையாக்குகிறது என்று ரொமேஷ் சந்திர தத்தர் கர்ஸன் பிரபுவோடு வாதாடியபோது, அவர் பேசியது நம் ஜில்லாவுக்கும் சேர்த்துத்தான்.

இனிப் பெயர் மறைந்த கதை. சேலம் ஜில்லா என்ற பெயர் நிலைத்தவுடன் பாராமகால் தஸ்தாவேஜுகளுக்குள் ஒதுங்கிற்று. இந்த மாதிரி மாறுதல் மேல்நாட்டிலும் நடப்பதுதான். பிரான்ஸ் தேசத்தின் வடகோடியில், லீல் நகரைத் தலைநகராகக் கொண்ட நோர்-பா-த-கலே என்ற நிலக்கரிப் பிரதேசம் ஒன்று இருந்தது. 2016 ஜனவரி முதல் தேதி அதைப் பக்கத்துப் பிக்கார்டியோடு இணைத்துவிட்டார்கள். புதுப் பிரதேசத்துக்கு ஜனங்களின் அபிப்பிராயத்தைக் கேட்டு, 'உயர்ந்த பிரான்ஸ்' என்று பொருள்படும் 'ஓ-த-பிரான்ஸ்' என்ற பெயரை வைத்தார்கள். பூமியோ பெரும்பாலும் சமவெளி! இருந்தாலும் அங்கே கேட்டாவது வைத்தார்கள். பாராமகாலை எடுத்துவிட்டதைப் பற்றி இங்கே ஒருவரையும் கேட்டதாகத் தெரியவில்லை.

நம் பக்கத்தில் கோடுகள் மாறிய வேகத்தைப் பாருங்கள். நாமக்கல் 1910-இல் திருச்சிராப்பள்ளிக்குப் போய், 1929-இல் திரும்பி வந்தது. திருப்பத்தூர் 1911-இல் வடஆர்க்காட்டுக்குப் போனது, திரும்பவில்லை. 1965 அக்டோபர் 2-ஆம் தேதி தர்மபுரி தனி ஜில்லாவாயிற்று. ஏறக்குறையப் பழைய பாராமகாலும் பாலகாட்டும் சேர்ந்தது அது. ஓசூருக்கு அருகே தொரப்பள்ளியில், சேலம் ஜில்லாவில் பிறந்த ராஜாஜி, தம் கடைசிக் காலத்தில் தர்மபுரி ஜில்லாக்காரராகிவிட்டார். இப்போது 2004-இல் பிரிந்த கிருஷ்ணகிரி ஜில்லாவில் அவர் பிறந்த ஊர் இருக்கிறது. நாமக்கல் 1997-இல் தனியாயிற்று. பனமரத்துப்பட்டி மாத்திரம் அசையாமல் சேலத்திலேயே இருக்கிறது. ஆனால் அதன் பெயரால் இருந்த சட்டசபைத் தொகுதி 2008-ஆம் வருஷத்து எல்லைச் சீரமைப்பில் காணாமல் போயிற்று.

கோடுகள் இப்படி ஆடினாலும், வருஷந்தோறும் பசலி முடியும் தறுவாயில் தாலுகாக் கச்சேரிகளில் ஜமாபந்தி கூடுவது நிற்கவில்லை. கிராம நிர்வாக அதிகாரிகள் கணக்குப் புஸ்தகங்களைச் சுமந்து வருகிறார்கள். பட்டா மாறுதலுக்கும், அளவுப் பிழைக்கும், பாட்டன் பெயரில் நின்றுவிட்ட நிலத்துக்கும் ஜனங்கள் மனுவோடு வரிசையில் நிற்கிறார்கள். அந்த வரிசையில் பெண்கள் நிறையப் பேர். புருஷனுடைய நிலத்தைத் தன் பெயருக்கு மாற்றக் கேட்டு நிற்கும் கைம்பெண்ணுக்கு அந்தக் காகிதத்தின் ஒரு வரிதான் ஜீவனம். ரீட் துரையின் கணக்கர்கள் வயலோடு பெயரைச் சேர்த்து எழுதத் தொடங்கியபோது, யார் பெயரை எழுதுவது என்ற வழக்கும் சேர்ந்தே பிறந்தது. உழுதவன் பெயரா, ஊரில் பெரியவன் பெயரா, வீட்டில் மூத்த ஆண்பிள்ளை பெயரா என்ற அந்த வழக்கில் இன்னும் தீர்ப்பு எழுதி முடியவில்லை.

ரீட் கச்சேரி நடத்திய திருப்பத்தூர், 2019 நவம்பரில் வேலூரிலிருந்து பிரிந்து தனி ஜில்லாவின் தலைநகராயிற்று. இருநூற்றிருபது வருஷங்களுக்குப் பிறகு அங்கே மீண்டும் ஒரு கலெக்டர் கச்சேரி நடத்துகிறார்.